டிஸ்சார்ஜ் அன்னைக்கு நான் கேட்டதும் கேக்காம விட்டதும்

போன வருஷம் அம்மாவுக்கு மதுரைல இதயத்துல இருக்குற மைட்ரல் வால்வை மாத்துனாங்க. சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல்தான் காரணமாம், அப்ப யாரும் கண்டுக்கல. மெட்டல் வால்வுன்றதால அதுல ரத்தம் கட்டி நிக்காம இருக்க ஆயுசு முழுக்க அசிட்ரோம்ன்ற, ரத்தம் உறையுறதைக் குறைக்கிற மாத்திரை போடணும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்ளோ நேரமாகுதுன்னு காட்டுற டெஸ்ட், ஏறுனா ரத்தம் கசியும், எறங்குனா கட்டும்) 2.5-லேருந்து 3.5-க்குள்ள நிக்கணும்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. சரி, பிரஷர் மாத்திரை மாதிரி இதுவும் ஒண்ணுன்னு நெனச்சேன், அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது.

டிஸ்சார்ஜ் சனிக்கிழமை. காலைலயே சொல்லிட்டாங்க, ஆனா காப்பீட்டு அப்ரூவல், மிச்ச மருந்தைத் திருப்பிக் குடுக்குறது, பில்லுன்னு அலைஞ்சு ஃபைல் கைக்கு வரும்போது மணி அஞ்சரை, கீழ மாமா காரை வச்சுக்கிட்டு போன் மேல போன் போடுறாரு. சிஸ்டர் கடகடன்னு படிச்சாங்க, இது காலைல, இது ரெண்டு வேளை, இது சாப்பாட்டுக்கு முன்னாடின்னு. அசிட்ரோம் மட்டும் ஒரு நாள் 2 எம்ஜி, மறுநாள் 3 எம்ஜி, சாயங்காலம் 6 மணிக்கு. "அப்ப இன்னைக்கு எது சிஸ்டர்?"னு கேட்டேன். அவங்க ஒரு நிமிஷம் முழிச்சுட்டு கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பாத்து, நேத்து 3, அதனால இன்னைக்கு 2-ன்னாங்க. ஒத்தப்படை தேதிக்கு 2, ரெட்டைப்படைக்கு 3-ன்னு வச்சுக்கலாம்னா 31-ம் தேதியும் 1-ம் தேதியும் இடிக்கும்.

இன்னொண்ணு, ரிவ்யூ ஒரு மாசம் கழிச்சுன்னு போட்டிருந்துச்சு, அடுத்த ஐஎன்ஆர் எப்பன்ற இடம் காலி. டூட்டி டாக்டரைத் தேடிப் புடிச்சுக் கேட்டா, "ஒரு மாசமெல்லாம் விடக்கூடாது, 5 நாள்ல பாருங்க"ன்னு பேனாவால எழுதி, ரிப்போர்ட்டை யாருக்குச் சொல்லணும்னு வார்டு நம்பரையும் குடுத்தாரு. நல்ல மனுஷன். ஆனா கேட்டாத்தான் வருதுன்றதுதான் எரிச்சல், கேக்கத் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?

5-வது நாள் 2.9, நிம்மதி. ரெண்டாவது வாரம் அம்மாவுக்கு வயித்தால போச்சு. நான்தான் மெடிக்கல்ல சொல்லி மெட்ரோனிடசோல் வாங்கிட்டு வந்தேன், வழக்கமா எல்லாரும் வாங்குறதுதானே. மூணு நாள் போட்டாங்க. நாலாம் நாள் காலைல பல்லு விளக்கிட்டு துப்புனா வாஷ் பேசின்ல செவப்பா நூல் மாதிரி. முழங்கைல எங்கயோ லேசா இடிச்ச எடம் உள்ளங்கை அகலத்துக்கு நாவப்பழக் கலர்ல கன்னிப்போயிருந்துச்சு. உடனே லேபுக்கு ஓடுனோம், ஐஎன்ஆர் 6.1.

வார்டுக்குப் போன் பண்ணா டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "புதுசா ஏதாச்சும் மாத்திரை குடுத்தீங்களா?" சொன்னதும் திட்டல, ஆனா உடனே கூட்டிட்டு வரச் சொன்னாரு. மலம் கருப்பாப் போகுதா, தலைவலி இருக்கா, கீழ விழுந்தாங்களான்னு துருவித் துருவிக் கேட்டுட்டு ரெண்டு நாள் அசிட்ரோமை நிறுத்தி மறுபடி பாத்தா 3.2. மெட்ரோனிடசோல், அசிட்ரோம் ஒடம்புல செதஞ்சு வெளியேறுறதைத் தடுக்குமாம், அதான் அளவு ஏறுனமாதிரி ஆயிருச்சு. வலி மாத்திரைல டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் தொடவே கூடாது, காய்ச்சல் வலின்னா பாராசிட்டமால், அதுவும் கேட்டுட்டுத்தான், எந்தக் கிளினிக் போனாலும் இடுப்புல ஊசி வேணாம்னு சொல்லிரணும்னாரு. ஊசி போட்டாத்தான் சீக்குப் போகும்னு நம்புற எங்கம்மாவுக்கு இதுதான் பெரிய துக்கம்.

கீரை கதை தனி. அதுல இருக்குற வைட்டமின் கே அசிட்ரோமோட வேலையைக் குறைக்குமாம். பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லி அம்மா கீரையை அடியோட விட்டுருந்தாங்க. டாக்டர் அதுவும் தப்புன்னாரு, வாரம் ரெண்டு நாள்னா எப்பவும் ரெண்டு நாள், திடீர்னு நிறுத்துறதும் வேணாம், முருங்கைக்கீரையை ஒரே நாள்ல சட்டி நெறைய அள்ளுறதும் வேணாம்.

இப்ப தினசரி காலண்டர்லயே ஸ்கெட்ச் பேனால 2, 3-ன்னு மாசம் முழுக்க எழுதி வச்சிருக்கேன். முதல் நாளே சொதப்பல், அம்மா விடிஞ்சதும் பழக்கதோஷத்துல அன்னைக்குத் தாளையே கிழிச்சு அடுப்படில போட்டுட்டாங்க. இப்ப சாயங்காலம் மாத்திரை முழுங்குன அப்புறம்தான் தாள் கிழியும், அதனால எங்க வீட்டுல ஆறு மணிக்கு மேல வந்து தேதி பாத்தீங்கன்னா நாளைய தேதிதான் இருக்கும்.