ரேடியஸில் நான் முதலில் பார்ப்பது டூப்ளிகேட் எண்ணை

எங்கள் ஹாஸ்டல் வைஃபைக்குக் காவல் நிற்பது ஃப்ரீரேடியஸ், அதாவது யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்த்து உள்ளே விடும் ரேடியஸ் சர்வர். அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பொய் யூசரை வைத்து லாகின் செய்துகொண்டே இருப்பவர்கள் இன்னும் உண்டு. எனக்குப் பிடிக்காது, லாக் முழுக்கக் குப்பை. இதற்கென்றே, சர்வரின் நிலையைக் கேட்கும் ஸ்டேட்டஸ்-சர்வர் பாக்கெட் ரேடியஸில் இருக்கிறது (வகை எண் 12, விவரம் ஆர்எஃப்சி 5997 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில்). ஃப்ரீரேடியஸோடு கூடவே வரும் ‘ஸ்டேட்டஸ்’ சைட்டை (அதற்கான தனி அமைப்புக் கோப்பு) இயக்கினால் 18121 போர்ட்டில், லோக்கல்ஹோஸ்ட்டுக்கு, அதாவது அதே கணினிக்கு மட்டும் பதில் சொல்லும். அதிலுள்ள மாதிரி சீக்ரெட்டை (கேட்பவரும் சர்வரும் பகிரும் ரகசியச் சொல்) தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

என் ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கு ஒருமுறை ரேட்கிளையன்ட்டால் (ஃப்ரீரேடியஸின் கட்டளைக் கருவி) கேட்டு, அக்செப்ட், ரிஜெக்ட், டூப்ளிகேட் (மறுபடி வந்த அதே கேள்வி) எண்களை ஒரு ஃபைலில் எழுதும். கண்காணிப்பு எண்களைச் சேகரிக்கும் பிரொமீதியஸ் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எல்லாமே சர்வர் கிளம்பியதிலிருந்து ஏறும் கூட்டுத்தொகை. ரீஸ்டார்ட் செய்தால் பூஜ்யம். அதனால் கிராஃபில் வித்தியாசத்தைத்தான் வரைய வேண்டும்.

ரிஜெக்ட் ஏறினால் பெரும்பாலும் யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, போனில் பழையதையே விட்டிருப்பார். கவலை டூப்ளிகேட் ஏறும்போதுதான். பதில் தாமதமானால் ஆக்சஸ் பாயின்ட் அதே கேள்வியை மறுபடி அனுப்பும். பழி ரேடியஸ் மேல் விழும். எங்களிடம் பின்னால் திணறுவது பெரும்பாலும் எல்டேப், ரேடியஸ் யூசர் விவரங்களைத் தேடும் டைரக்டரி சர்வர். அதன் தாமதத்தையும் இப்போது அதே பக்கத்தில் போட்டிருக்கிறேன்.