‘கால்’ சேகரித்த எட்டு வாரம்

ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது எங்கெல்லாம் புழங்குகிறது என்று கேட்டு எழுதிவைக்க எனக்கு நெடுநாள் ஆசை. ஆனி மாதம் தொடங்கினேன். எடுத்த சொல் ‘கால்’.

முதல் வாரம் அகராதியைப் பார்த்து எழுதினேன். பக்கங்கள் நிறைந்தன, மனதில் ஒன்றும் தங்கவில்லை. அதை விட்டுவிட்டு, யாராவது பேசி என் காதில் விழுந்ததை மட்டும் எழுதுவது என்று மாற்றிக்கொண்டேன். ஒரு சீட்டுக்கு ஒரு வாக்கியம். சொன்னது யார், எந்த இடம் என்பதும் அதிலேயே.

மூன்றே நாளில் வீட்டிலேயே பதினொரு சீட்டு சேர்ந்தது. “கால் கடுக்க நின்னு வாங்கிட்டு வந்தேன்” என்றார் அம்மா. “அவனுக்கு ஒரு கால்கட்டு போட்டாத்தான் சரிப்படுவான்” என்றார் பெரியம்மா. கட்டிலின் கால் ஆடுகிறது என்று அப்பா சொன்னதும் சீட்டில் ஏறியது.

ஆடியில் சித்தப்பாவின் வயலுக்குப் போயிருந்தேன். “நாத்தங்காலுக்கு வாய்க்கால் தண்ணி ஏறுதா பாருப்பா” என்றார். ஒரே வாக்கியத்தில் இரண்டு கால்! ஒன்று நாற்று விடும் இடம், மற்றது நீர் ஓடும் வழி. வெற்றிலை பயிராகும் கொடிக்காலும் நினைவுக்கு வந்தது. வாய்க்காலைத் திருப்பிப் போட்டால் கால்வாய். எங்கள் பக்கம் வயலுக்குள் பாய்வது வாய்க்கால்தான். பக்கிங்காம் போலப் பெரிதாக வெட்டியதைத்தான் கால்வாய் என்போம்.

ஆவணியில் உறவில் ஒரு கல்யாணம். பந்தக்கால் நட்டதைக் கிட்ட நின்று பார்த்தேன். மூங்கிலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நுனியில் மாவிலை கட்டினார்கள். குழியில் நவதானியம் போட்டுப் பால் வார்த்தார்கள். சுமங்கலிகள் ஐந்து பேர் சேர்ந்து பிடித்து நிறுத்தினார்கள். பாரம் தாங்கி நிற்பது எதுவானாலும் அதைக் கால் என்று சொல்லும் அழகு அங்கேதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

நெடுநேரம் என்னை நிறுத்திவைத்தது ‘கால் கிலோ’ச் சீட்டு. உடம்பின் காலுக்கும் நான்கில் ஒன்றுக்கும் என்ன உறவு? மாட்டுக்கு நான்கு கால், அதில் ஒன்று கால்பங்கு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் முழு மனதோடு ஏற்க முடியாமல் இருந்தது. கல்யாண வீட்டில் ஜாதகத்தைப் பிரித்து “ரோகிணி மூணாம் பாதம்” என்று படித்தார்கள். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு பாதம். வடமொழியில் பாதம் என்றால் அடியும்தான், நான்கில் ஒரு பங்கும்தான். கன்னடத்திலும் மலையாளத்திலும் நம்மைப் போலவே ‘கால்’ இரண்டுக்கும் வருகிறது. இதற்குப் பிறகு அந்த மாட்டு விளக்கத்தை நம்புகிறேன். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று என்று பெரியம்மா விரல் மடக்கிச் சொன்னதையும் அதன் கீழேயே எழுதினேன்.

படித்ததில் கிடைத்தது என்று ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன்: ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற 496-ஆம் குறள். அங்கே கால் என்பது சக்கரம். தேரையும் தாங்குவது அதுதானே!

இன்றோடு 64 சீட்டு. அடுத்த சொல் ‘வாய்’. வாய்க்கால் சீட்டு இரண்டு பெட்டியிலும் இருக்க வேண்டும் என்பதால் அதற்கு ஒரு நகல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.