வேலையில் இருந்துகொண்டே ஆன்லைன் பி.காம்: நான் தேர்ந்தெடுத்த விதம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ப்ளஸ் டூ-வில் காமர்ஸ் குரூப் எடுத்தேன். அதற்கு மேல் படிக்க அப்போது வீட்டில் வசதியில்லை. டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன். 2017-இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து ரிட்டர்ன், டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி), ஏற்றுமதி ரீஃபண்ட் எல்லாம் என் பொறுப்புதான். ஆனால் சீனியர் அக்கவுண்டண்ட் வேலைக்கு எங்கே போய் நின்றாலும் முதல் கேள்வி, "டிகிரி இருக்குதுங்களா?" என்பதுதான். வேலை தெரியுமா என்பது அதற்கு அப்புறம்தான் வருகிறது.

பி.காம் படிப்பது என்று முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. எங்கே சேர்வது என்பதில்தான் மாதக்கணக்கில் போனது. அந்தத் தேடலில் தெரிந்துகொண்டதை, வேலையும் குடும்பமும் வைத்துக்கொண்டு படிக்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் போன் நம்பர். "பல்கலைக்கழகங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்" என்ற ஒரு தளத்தில் நம்பரைக் கொடுத்ததும் அழைப்புகள் வர ஆரம்பித்தன. காலையில் ஒரு பெயர், மதியம் இன்னொரு பெயர். "மேடம், இன்னிக்கு சாயங்காலத்தோட ஸ்காலர்ஷிப் முடியுது, சீட் பிளாக் பண்ணிடலாமா?" என்று கேட்டார் ஒருவர். "நீங்க பல்கலைக்கழகத்துல இருந்துதான் பேசறீங்களா?" என்று கேட்டேன். "அட்மிஷன் டீம்ல இருந்து பேசறோம் மேடம்" என்றார். எந்த டீம் என்று திரும்பக் கேட்டால் பதில் சுற்றிச் சுற்றி வந்தது. வேறொரு நாள் அதே குரல் இன்னொரு பல்கலைக்கழகத்தைப் புகழ்ந்து பேசியது. அதன் பிறகு, பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நானே கூப்பிட்டுக் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். கேள்விகளை மின்னஞ்சலிலும் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கினேன். எழுத்தில் பதில் தரத் தயங்கிய இடங்களை அப்போதே விட்டுவிட்டேன்.

அடுத்தது அங்கீகாரம். இதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, நாமே பார்த்துக்கொள்ளலாம். யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவை டெப் என்று சொல்வார்கள். அதன் இணையதளத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் பட்டியல் வெளியிடுகிறார்கள். ஜூலை-ஆகஸ்ட் ஒரு பருவம், ஜனவரி-பிப்ரவரி இன்னொன்று. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நாம் சேரும் படிப்பு, சேரும் வகை (தொலைதூரமா, ஆன்லைனா), சேரும் பருவம் மூன்றும் சேர்ந்து அதில் இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு எம்பிஏ ஆன்லைனில் அனுமதி இருந்தது, பி.காமுக்கு இல்லை. ஆனால் விளம்பரத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

தொலைதூரம், ஆன்லைன் இரண்டுக்கும் விதி 2020 செப்டம்பரில் வந்தது. அனுமதி பெற்ற படிப்பில் வாங்கும் பட்டம் நேரடியாகக் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று அந்த விதி சொல்கிறது. 2022 செப்டம்பரில் யுஜிசி அதைத் தனி அறிவிப்பாகவும் வெளியிட்டது. "ஆன்லைன்ல வாங்கினா செல்லுமா?" என்று கேட்கும் மாமனார், மச்சினர் எல்லோருக்கும் அதைத்தான் காட்டினேன். தொலைதூரத்துக்கும் ஆன்லைனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைதூரப் படிப்பைத் தங்கள் மாநிலத்துக்குள்தான் நடத்தலாம், ஆன்லைனுக்கு அந்த எல்லை கிடையாது. அதனால் வடக்கே இருக்கும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் பட்டத்தைத் திருப்பூரில் ஒரு மாடி ரூமில் உட்கார்ந்து வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம். "ஒன் சிட்டிங்ல முடிச்சுடலாம்" என்று சொல்கிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். மூன்று வருஷப் படிப்பை ஒரே மூச்சில் முடித்துத் தரும் முறை எதிலும் கிடையாது.

எல்லாப் படிப்பும் ஆன்லைனில் கிடையாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் போன்றவற்றுக்கு ஆன்லைன், தொலைதூரம் இரண்டுமே இல்லை. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல், ஊட்டச்சத்து மாதிரியான சுகாதாரத் துறைப் படிப்புகளையும் நிறுத்திவிட்டார்கள். என் தோழி ஒருத்திக்கு உளவியல் படிக்க ரொம்ப ஆசை. அவளிடம் இதைச் சொன்னபோது எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

இனி பணம். ஒரு இடத்தில் கட்டண விவரம் கேட்டபோது ப்ரொஃபார்மா இன்வாய்ஸ் (பணம் கட்டும் முன் தரும் மாதிரி பில்) ஒன்று அனுப்பினார்கள். மேலே பல்கலைக்கழகத்தின் முத்திரை பெரிதாக இருந்தது. கீழே படிப்புக் கட்டணம், அதற்குக் கீழே 18 சதவீத ஜிஎஸ்டி. நான் அங்கேயே நின்றுவிட்டேன். அங்கீகாரம் பெற்ற பட்டப் படிப்புக்காகக் கல்வி நிறுவனம் மாணவரிடம் வாங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அப்படியென்றால் இந்த வரி எதற்கு? ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்தேன். பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் இருக்கிறது, தமிழ்நாட்டின் குறியீடு 33. இதில் எண் 29 என்று ஆரம்பித்தது, அது கர்நாடகா. அந்த எண்ணுக்குள்ளேயே பான் எண்ணும் இருக்கும். ஆறாவது இடத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்தால் யாருடைய பான் என்று தெரிந்துவிடும். அறக்கட்டளை என்றால் டி, கம்பெனி என்றால் சி. இதில் சி இருந்தது. ஆக, நான் கட்டப்போகும் பணம் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை, நடுவில் இருக்கும் ஒரு கம்பெனிக்குப் போகிறது.

நடுவில் ஒரு நிறுவனம் இருப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வகுப்புக்கான மென்பொருளை நடத்த, சேர்க்கைக்கு உதவ பல பல்கலைக்கழகங்கள் வெளியாட்களை வைத்துக்கொள்கின்றன. ஆனால் பட்டம் தரப்போவது பல்கலைக்கழகம், அப்படியிருக்க ரசீதும் அதன் பெயரில்தான் எனக்கு வேண்டும். நாளைக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கும் நிலை வந்தால் யார் வாசலில் போய் நிற்பது?

"நோ காஸ்ட் ஈஎம்ஐ" விஷயத்தையும் பாருங்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி, மாதத் தவணை என்றால் தள்ளுபடி இல்லை என்று சொன்னார்கள். அந்தத் தள்ளுபடிதானே வட்டி! இதற்கு மேல் பிராசஸிங் கட்டணம் வேறு. ஒப்பந்தத்தை முழுதாக அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தால், அது ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கொடுக்கும் கடன். பாதியில் படிப்பை விட்டாலும் தவணை நிற்காது, கட்டாமல் விட்டால், வங்கிகள் கடன் தரும் முன் பார்க்கும் சிபில் ஸ்கோர் குறையும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க நினைத்திருக்கும் எனக்கு அது ஆகாது. செமஸ்டருக்கு ஒரு முறை நேராகப் பல்கலைக்கழகக் கணக்கில் கட்டும் வசதி இருக்கும் இடமாகப் பார்த்தேன். தேர்வுக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் எல்லாம் தனியா, சேர்த்தா என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

அரசு சார்ந்த இடங்களையும் விடாமல் பார்த்தேன். இக்னோ 1985-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், கட்டணம் குறைவு, பேரைச் சொன்னால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அசைன்மென்ட் எழுதிக் கொடுத்தால்தான் மதிப்பெண் முழுமையாகும். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். சென்னை சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வழியில் படிக்கலாம். ஆங்கிலப் பாடப் புத்தகத்தைக் கண்டு மலைப்பவர்கள் முதலில் அங்கே விசாரிக்கட்டும் என்பேன். எங்கள் மெர்ச்சண்டைசிங் பிரிவில் ஒரு தம்பி ஐஐடி மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ் படிக்கிறான். 2020-இல் ஆரம்பித்த படிப்பு அது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். நடுவில் நிறுத்தினாலும், முடித்த நிலைக்கு ஏற்பச் சான்றிதழ் உண்டு. பாடம் ஆன்லைனில் நடந்தாலும் தேர்வை நேரில் மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். "அக்கா, ஒரு பாடத்துக்கே வாரத்துல பத்து மணி நேரம் போயிருதுங்க்கா" என்றான் அவன். அவன் உழைப்பைப் பார்த்து எனக்குப் பெருமைதான். ஆனால் என் தேவை கணக்கியல், என் கையில் இருக்கும் நேரமும் வேறு.

நேரத்தை நான் கணக்கிட்ட விதம் இது. ஒவ்வொரு மாதமும் வேலையில் கெடு தேதிகள் உண்டு: 7-ஆம் தேதி டிடிஎஸ், 11 விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20 வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. செப்டம்பர் கடைசியில் ஆடிட் அறிக்கை, டிசம்பர் 31-க்குள் ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கு, மார்ச் முழுக்க வருஷ முடிவு. இதைக் காலண்டரில் குறித்துவிட்டு, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் போன வருஷம் தேர்வு நடத்திய தேதிகளைப் பக்கத்தில் எழுதினேன். பாடத்திட்டம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், தேதிகள் அப்படியில்லை. மார்ச் கடைசி வாரத்தில் தேர்வு வைத்த ஒரு இடம் மற்ற எல்லாவற்றிலும் நன்றாக இருந்தும் அதை ஒதுக்கினேன். நேரடி வகுப்புகள் சனி, ஞாயிறு மட்டும்தானா, பதிவை அப்புறம் பார்க்க முடியுமா, பார்த்தால் வருகைக் கணக்கில் சேருமா என்றும் கேட்டேன்.

தேர்வு நடக்கும் முறையையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் வீட்டிலிருந்தே எழுதலாம், கேமரா நம்மைக் கண்காணிக்கும். கேட்க சுலபமாக இருக்கிறது. நாங்கள் இருப்பது லைன் வீடு. கதவைச் சாத்தினாலும் பக்கத்து வீட்டு டிவி கேட்கும். குழந்தை உள்ளே வந்தால் கேமரா அதை என்னவென்று எடுத்துக்கொள்ளும்? மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளில் தேர்வு வந்தால்? இதை மின்னஞ்சலில் கேட்டேன். ஒரு இடத்தில் "அப்படி எதுவும் ஆகாது" என்று பதில் வந்தது. இன்னொரு இடத்தில், இணைப்பு துண்டித்தால் எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப நுழையலாம், முடியாமல் போனால் மறுதேர்வு எப்போது, மையத்தில் போய் எழுத விரும்பினால் பக்கத்தில் எங்கே என்று வரிவரியாகப் பதில் தந்தார்கள். நான் சேர்ந்தது இரண்டாவது இடத்தில். பெயரை எழுதாமல் விடுவது வேண்டுமென்றேதான். அனுமதி பருவத்துக்குப் பருவம் மாறும், என் பேச்சை நம்பி யாரும் பட்டியலைப் பார்க்காமல் சேர்ந்துவிடக் கூடாது.

சேர்க்கையில் இழுத்தடித்தது பெயர். 2024-இலிருந்து இந்தப் படிப்புகளில் சேர, டெப் தளத்தில் மாணவரே எடுக்கும் டெப் ஐடி கட்டாயம். அதை எடுக்க, மாணவரின் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்ணான ஏபிசி ஐடி வேண்டும், அது டிஜிலாக்கர் வழியாக ஆதாரிலிருந்து வரும். மதிப்பெண் சான்றிதழில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கல்யாணத்துக்கு அப்புறம் மாற்றிய வீட்டுக்காரர் இனிஷியல். நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும். ஆவணங்களோடு ஆதார் மையத்தில் வரிசையில் நின்று, சான்றிதழில் இருப்பது போலவே திருத்தினேன். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் கவுண்டரில் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, புள்ளி, இடைவெளி வரைக்கும் பார்த்த பிறகே சரி என்றேன். திருத்தம் பதிவாகி டிஜிலாக்கரில் தெரியச் சில நாள் ஆகும். சேர்க்கையின் கடைசி வாரத்தில் இதைத் தொடங்கினால் பருவமே கைவிட்டுப் போய்விடும்.

பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு அக்கா இப்போது என்னிடம் விசாரிக்கிறார். அவர் படித்தது பத்தாவது வரைதான். ப்ளஸ் டூ இல்லாமலேயே டிகிரி வாங்கித் தருவதாக யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு வேலைக்குப் பத்தாவது, ப்ளஸ் டூ இரண்டையும் முடித்த பிறகு வாங்கிய பட்டம்தான் ஏற்கப்படும், 2009 அரசாணையிலிருந்தே அதுதான் நடைமுறை. அவருக்கு அரசுத் தேர்வு எழுதும் ஆசையும் இருக்கிறது. "டிகிரிக்கு இப்ப பணம் கட்ட வேண்டாங்க்கா, தனித்தேர்வரா ப்ளஸ் டூ எழுதிருங்க" என்று சொல்லியிருக்கிறேன். விண்ணப்பத் தேதி வந்ததும் அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையத்துக்கு அவரோடு நானும் போகப்போகிறேன்.