கச்சான் காலத்துச் சாறிகள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

கச்சான் வெக்கைக் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் திருகோணமலை உப்புவெளி ரோட்டில் நாய்கூட நிற்காது. வீட்டுக்குள்ளேயே ஏதாவது செய்வோம் என்று அலுமாரியைத் திறந்தேன். மாரி முடிந்த கையோடு எல்லாவற்றையும் காற்றாட விரித்திருக்க வேண்டும், விடவில்லை சோம்பல். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொரு சாறி. போன வருடம் நான் உடுத்தது அதில் பதினொன்றுதான்.

அரக்குக் கைத்தறியை விரித்தபோது வயிறு பகீர் என்றது. தோள் மடிப்பில் பயறளவு துருப்பொட்டு. எப்போதோ பின்னைக் கழற்றாமல் மடித்து வைத்திருக்கிறேன். கேற் பூட்டே இரண்டு வருடத்தில் இறுகிப்போகிற உப்புக் காற்று இது, ஒரு பின் எம்மாத்திரம்? நான்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

1982 இல் கல்முனைப் பக்கம் முதல் நியமனம். மருதமுனையில் தறி இருந்த வீட்டிலேயே போய் வாங்கிய சாறி இது. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் அரக்கு, குறுக்கே ஓடும் ஊடை நூல் கறுப்பு. நிழலில் பார்த்தால் கறுப்பு போலிருக்கும், வெயிலில் திரும்பினால் சிவப்பு எட்டிப் பார்க்கும். கரையோரமாகத் தறியில் இழுத்துப் பிடித்த ஊசித் துளைகள் இன்னும் வரிசையாகத் தெரிகின்றன.

ஜூன் 5, வியாழன்

வெள்ளைத் துணித் துருவுக்குத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் கண்கண்ட மருந்து. சாயத் துணிக்கு அவசரப்படக்கூடாது, புளி சாயத்தையும் தின்றுவிடும். இடுப்பில் செருகுகிற உள்முனையில் ஒரு சொட்டு விட்டுப் பொறுத்துப் பார்த்தேன். சாயம் அசையவில்லை. அப்புறம்தான் பொட்டில் வைத்தேன். மூன்று தரம் அலசியதில் ஒரு மங்கல் மட்டும் மிச்சம். தலைப்பு மடிக்கும்போது உள்ளே போய்விடும்.

ஜூன் 8, ஞாயிறு

தங்கச்சி கோல் எடுத்தாள். மாத முடிவில் அவளுடைய பேத்திக்குக் கலியாண எழுத்து. என்ன உடுப்பு என்று கேட்டாள், சொன்னேன்.

“அரக்கா? அக்கா, சாம்பல், கிறீம் அப்பிடி ஏதும் உடுங்களன். வயசுக்கும் வடிவா இருக்கும்.”

சொல்லாமல் விட்டதும் கேட்டது. அவர் போய் ஆறு வருடம். நான் பதில் சொல்லவில்லை. வைத்த பிறகு ஜன்னலோரம் கண்ணாடியைக் கொண்டுபோய், அவள் சொன்ன சாம்பல் நிறச் சாறியைத் தாடைக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்த பிறகு அந்த நிறம் என்னைக் காய்ச்சல்காரி ஆக்குகிறது. அரக்கைப் பிடித்தால் முகத்தில் இரத்தம் ஓடுகிறது. கரும்பச்சையும் மஞ்சளில் அந்தக் கடுகு நிறமும் அப்படித்தான். கடை வெளிச்சத்தை நம்பி எடுத்து ஏமாந்த சாறிகளே உடுத்தாமல் கிடக்கிற அந்த முப்பதில் பாதி என்று இப்போது விளங்குகிறது.

ஜூன் 11, புதன்

சாறி சரி, சட்டை ஏறவில்லை. கை தோளோடு நின்றுவிட்டது.

போன வருடம் ஒரு கடையில் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தேன். ஓரத்தை ஒட்ட வெட்டி ஓவர்லொக் அடித்துத் தந்தார்கள். மார்பு பிடித்தது, கை பிதுங்கியது. பிரித்துத் தாருங்கள் என்றால் பிரிக்க உள்ளே துணி இல்லை. வெட்டிப்போட்டதைத் திரும்ப ஒட்டவா முடியும்? அந்தச் சட்டை இப்போது மேசை துடைக்கிறது.

அரக்குச் சட்டை வேறு. தைத்தவர் ஒரு வயதான ஐயா, இப்போது இல்லை. “மகள், உடம்பு ஒரே மாதிரி இராது” என்று சொல்லிச் சொல்லி, பக்கத் தையலிலும் கையிலும் ஒவ்வோர் அங்குலம் உள்ளே மடித்துவிடுவார். அன்றைக்கு எனக்கு இருபத்தைந்து வயது. எனக்கா உடம்பு மாறும் என்று சிரித்திருப்பேன்.

பக்கத்து ஒழுங்கையில் தைக்கிற பிள்ளையிடம் கொண்டுபோனேன். அவள் சட்டையை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. “ரீச்சர், இப்பிடி ஒருத்தரும் இப்ப தைக்கிறேல்ல” என்றாள். ஹூக் ஒவ்வொன்றும் கையால் நாலு சுற்றுச் சுற்றித் தைத்தது, கக்கத்தில் கையைத் தூக்க வசதியாகச் சாய்சதுரத் துண்டு. பழைய தையலைப் பிரித்ததும் உள்ளிருந்த துணி புதிதுபோல வந்தது, வெளியே மங்கின நிறம், உள்ளே 1982. இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டரை அங்குலம் கூடியது. அந்தக் கடும்நிறக் கோடு கைக்குக் கீழே வருகிறது, ஒரு பக்கத்தைச் சாறி மூடும், மறுபக்கத்தைப் பார்ப்பவர் பார்க்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி

கோணேசர் கோயிலுக்கு. சட்டை இன்னும் கைக்கு வரவில்லை, பச்சைக் கைத்தறியை உடுத்தேன். முன்பு ஜோர்ஜெற்றில் போய், கோயில் இருக்கிற சுவாமிமலைக் காற்றில் தலைப்பைப் பிடிப்பதா, அர்ச்சனைத் தட்டைப் பிடிப்பதா என்று பட்ட பாடு மறக்காது. கனத்த பருத்தி காற்றுக்கு எழும்பாது. கொய்யகத்தைக் கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே வைத்தேன், படியில் மிதிபடாது. தலைப்பை மடித்துத் தோளில் குத்தினால் ஒரு கை சும்மா இருக்கும். இந்த வயதில் அது கைப்பிடிக்கு வேண்டியது.

வரும் வழியில் கோட்டைக்குள் ஒரு மான் பின்னால் வந்து தலைப்பை வாயில் வைத்து இழுத்தது. வாழைப்பழ வாசனையாக்கும். நல்ல நெசவு, நூல் ஒன்றும் போகவில்லை. எச்சில்தான்.

ஜூன் 19, வியாழன்

சட்டை வரவில்லை. அந்தப் பிள்ளையின் மெசினில் பட்டி அறுந்துவிட்டதாம்.

ஜூன் 24, செவ்வாய்

சட்டை வந்தது. ஏறியது!

மருமகள் போனில் பார்த்து வரவழைத்த ‘பட்டு’ச் சாறியைக் கொண்டு வந்தாள். “மாமி, பட்டுத்தானே?” குஞ்சத்தில் ஒரு நூல் உருவி நெருப்புக் காட்டினேன். பட்டென்றால் மயிர் பொசுங்கிய மணம் வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகிச் சுருண்டு கடுகுபோல் கல்லானது. பிள்ளையின் முகம் வாடிவிட்டது. நிறம் நல்ல நிறம், மாரிக்கு வைத்துக்கொள், மழையில் நனைந்தால் கெதியில் காயும் என்றேன். அது பொய்யும் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

முதல் நாளே மெல்லிய கஞ்சி போட்டு, ஈரம் முழுதும் உலர முன் அயன் பண்ணி வைத்திருந்தேன். உள்பாவாடை பருத்தி, நாடா முடிச்சைப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன், வயிற்றில் உறுத்தாது. சிறிய தோடு, ஒற்றைச் சங்கிலி, கொண்டை. வேறொன்றும் போடவில்லை. சாறி பேசும்போது நான் ஏன் குறுக்கே?

தங்கச்சி என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் பக்கத்தில் வந்து தலைப்பை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்து, “இது அந்தக் கல்முனைச் சாறிதானே?” என்றாள். ஓம் என்றேன். கொஞ்சம் பொறுத்து, தன்னிடமும் அப்படி ஒன்று இருந்ததாகவும் 1990 சண்டையில் ஓடும்போது விட்டுப் போனதாகவும் சொன்னாள். எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, அவளுடையது நீலம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்களைக் கழற்றி எண்ணினேன். குத்தியது ஐந்து, கையில் நாலு. கட்டிலை உதறி, நிலத்தைக் கூட்டி, பிறகுதான் ஞாபகம் வந்தது: தோள் பின் இல்லை என்று நின்ற என் பேத்திக்கு மண்டபத்தில் ஒன்று கொடுத்தேன். அவள் கொழும்பு பஸ்ஸில் ஏறியிருப்பாள். கோல் எடுத்து, போய்ச் சேர்ந்ததும் படுக்க முதல் அதைக் கழற்றச் சொன்னேன். “அம்மம்மா, இதுக்கா இந்த நேரம் எடுத்தீங்க?” என்று சிரிக்கிறாள்.