கல்லோடன் போர்க்களத்தைப் பலகையில் அமைத்தல்: மூன்றாம் மாதக் குறிப்பு

மூன்றடி ப்ளைவுட் பலகையில், 1 சென்டிமீட்டருக்கு 15 மீட்டர் என்ற அளவில், ஸ்காட்லாந்தின் கல்லோடன் மேட்டுநிலத்தை அமைத்து வருகிறேன். அரியணையை இழந்த ஸ்டூவர்ட் குடும்பத்துக்காக 1689, 1715, 1719, 1745 ஆகிய ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சிகளுள் கடைசியானது, 1746 ஏப்ரல் 16 அன்று இங்கேதான் ஒரு மணி நேரத்துக்குள் முறியடிக்கப்பட்டது. கத்தோலிக்கர் எவரும் அரசராகக் கூடாது என்ற 1701ஆம் ஆண்டுச் சட்டத்தால், ராணி ஆன் 1714இல் இறந்தபோது அரியணை ஜெர்மானிய ஹனோவர் குடும்பத்துக்குச் சென்றதை, கத்தோலிக்கரான அந்த ஸ்டூவர்ட்டுகளின் ஆதரவாளர்கள் ஏற்கவே இல்லை.

குண்டூசி ஒன்றுக்கு 100 வீரர் என்று கணக்கிட்டேன். கம்பர்லாண்டு கோமகனின் அரசுப் படைக்குச் சிவப்புத் தலையுள்ள 80 ஊசிகள்; இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் படைக்கு நீலத்தில் 55. சதுப்புக்காக, வடிகட்டிய தேயிலைத் தூளை ஃபெவிகாலில் குழைத்துப் பூசினேன். முதன்முறை தூளை நன்றாகக் காயவைக்காததால் நான்கே நாளில் பூஞ்சணம் பூத்துவிட்டது. முழுவதையும் சுரண்டியெடுத்து, இரண்டு நாள் வெயிலில் உலர்த்திய தூளைக் கொண்டு மீண்டும் பூசினேன்.

அதைவிடப் பெரிய பிழை, இரு படைவரிசைகளையும் இணைகோடுகளாக நட்டது. இளவரசர் படையின் இடப்புறத்தில் நின்ற மக்டொனால்டு குலத்தினர், வலப்புறம் நிற்கும் தங்கள் மரபுரிமை மறுக்கப்பட்டதால் மனம் நொந்து பாயத் தயங்கினார்கள் என்று ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. இணைகோடுகளைப் பார்த்தபோது எனக்கும் அது சரியென்றே தோன்றியது. ஆனால் அன்றைய வரிசைகள் இணையாக இல்லை. வலது முனை முன்னும் இடது முனை பின்னுமாகச் சாய்த்து ஊசிகளை மாற்றி நட்டதும், மக்டொனால்டுகள் கடக்க வேண்டிய தூரம் பல விரற்கடை கூடிவிட்டது. அந்தக் கூடுதல் தூரத்தில் சதுப்பும் கிடந்தது. முந்தைய இரவு நேர்ன் நகரை நோக்கி வீணாக நடந்து திரும்பிய களைப்போடும் பசியோடும், ஆலங்கட்டி கலந்த மழைக்காற்று முகத்தில் அறைய, பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே நின்றவர்கள் அவர்கள். மனக்குறை இருந்திருக்கலாம், தாமதத்துக்கு அந்த நிலமே போதும் என்பது என் முடிவு.

நடுப்பகுதியினர் சதுப்பை ஒதுக்கி வலப்பக்கம் சாய்ந்ததால், அங்கே நீல ஊசிகள் கல்மதிலுக்கு அருகே ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்கின்றன. அரசுப் படையினர் அந்த மதிலை உடைத்துப் பக்கவாட்டில் புகுந்த இடைவெளியை அடுத்த வாரம் செதுக்க வேண்டும்.