அகழிக் கேள்விக்கு விடை திட்டுக்கு அடியில்

ரிசல்ட் வந்துவிட்டது. இடைக்காலத் தொல்லியலில் டிஸ்டிங்ஷன், அதிலும் செய்முறைத் தாளில்தான் அதிக மதிப்பெண். அடுத்த பேட்சுக்கு இங்கிலாந்து வரப்போகும் நம்மவர்கள் சிலர், "அகழி மேனர் பகுதியை எடுக்கலாமா, இல்லை கோட்டைகளோடு நின்றுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். (மேனர் என்றால் இடைக்கால நிலக்கிழாரின் பண்ணை வீடு. அதைச் சுற்றி வெட்டிய நீர்ப்பள்ளம்தான் இங்கே அகழி.) அகழியையே எடுங்கள். கோட்டையை எல்லோரும் எழுதுவார்கள். அதே டோவர், அதே கான்வி என்று படித்துப் படித்துத் திருத்துகிறவருக்கே அலுத்துப்போயிருக்கும்.

தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும்: மண் அடுக்குகளைப் பக்கவாட்டில் காட்டும் வெட்டுமுகப் படமும் ஒவ்வோர் அடுக்கிலும் கிடைத்த ஓடுகளின் அட்டவணையும் தருவார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த இடங்கள் சுமார் 6,000 தெரியவந்துள்ளன. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையில் வெட்டப்பட்டவை. மத்திய, கிழக்குப் பகுதிகளின் களிமண் நிலத்தில் நெருக்கம் அதிகம். இந்த மூன்று தகவலும் எல்லா விடைத்தாளிலும் இருக்கும், அதற்காக யாருக்கும் கூடுதலாக ஒன்றும் விழாது. மதிப்பெண்ணைப் பிரிக்கும் கேள்வி வேறு: இந்தக் குறிப்பிட்ட அகழி எப்போது வெட்டப்பட்டது, அதற்கு ஆதாரம் என்ன?

இதில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதித் தாள் முடிந்தது என்பது என் கட்சி. அகழிக்குள் கிடைக்கும் பொருளை வைத்து அகழி வெட்டிய காலத்தைச் சொல்லக் கூடாது. தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் சேறும் சருகும் சேர்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் வசதி இருந்தவரை ஆள் வைத்துத் தூர்வாரினார்கள். ஒவ்வொரு முறையும் பழைய ஓடு, எலும்பு, செருப்பு எல்லாம் சேற்றோடு வெளியே போய்விடும். கடைசித் தூர்வாரலுக்குப் பிறகு படிந்ததுதான் நமக்கு மிஞ்சுகிறது, அதாவது குடும்பம் நொடித்த பிறகோ வீட்டைக் கைவிட்ட பிறகோ சேர்ந்தது. கண்மாய்க் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் வெட்டுமுகப் படத்தைப் பார்த்ததும் கை தானாக அகழியின் அடியில் இருக்கும் ஓட்டுக்குத்தான் போகிறது.

சரி, வெட்டிய காலத்தை எங்கே தேடுவது? அகழியில் எடுத்த களிமண்ணைப் பல இடங்களில் அகழி சூழ்ந்த நடுத்திட்டின் மேல் கொட்டி மேடாக்கினார்கள். அந்தக் களிமண்ணுக்கு அடியில் பழைய தரை அப்படியே மூடிக் கிடக்கும். அதில் கிடைக்கும் ஓடுகளில் மிகப் பிந்தையது எதுவோ, அதற்குப் பிறகுதான் அகழி வெட்டப்பட்டிருக்க முடியும். இது முன் எல்லை. அகழியின் அடிச்சேறு படிவதற்கு முன் வெட்டியிருக்க வேண்டும். இது பின் எல்லை. விடை இரண்டுக்கும் நடுவில்.

எங்களுக்கு வந்த படத்தில் இடது பக்கம் திட்டு, வலது பக்கம் அகழி. திட்டில் மேலே புல்மண், அதன் கீழே கூழாங்கல் பாவிய முற்றம், அதன் கீழே மஞ்சள் களிமண் கனமாக, அதற்கும் கீழே விரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் நிற அடுக்கு. அகழியில் அடியில் மெல்லிய வண்டல், மேலே தோல் துண்டுகளும் மரச்சில்லுகளும் நிறைந்த கறுப்புச் சேறு, அதற்கு மேல் செங்கல் இடிபாடு. கறுப்புச் சேற்றில் சிஸ்டர்ஷியன் வகைக் கோப்பைத் துண்டுகள், கருமெருகு பூசியவை. இவை 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை புழங்கியவை. அட்டவணையில் அவைதான் எண்ணிக்கையில் அதிகம், கண்ணைப் பறிப்பதும் அவையே. சாம்பல் அடுக்கில் சமையல் பானை ஓடுகள் கொஞ்சம், கூடவே 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று குறித்த பச்சை மெருகு ஜாடியின் துண்டு ஒன்றே ஒன்று. அந்த ஒற்றைத் துண்டுதான் கேள்வியே. மற்ற ஓடுகள் நூறு இருந்தாலும் மிகப் பிந்தையதுதான் எல்லை வைக்கும். வெளியே வந்தபோது பாதிப் பேர் "15ஆம் நூற்றாண்டு அகழி" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

படத்தோடு அகழிப் பாலத்து மரமும் கொடுத்தால் இன்னும் நல்லது. நீர் ஊறிய சேற்றில் ஓக் மரம் கெடாமல் கிடக்கும், மரவளையக் கணிப்பு வேலை செய்யும். பட்டை ஒட்டிய கடைசி வளையம் இருந்தால் மரம் வெட்டிய ஆண்டே கிடைக்கும். பட்டைக்கு உட்புறமுள்ள வெளிமரம் கொஞ்சம் மட்டும் இருந்தால் ஒரு மதிப்பீடு, வெளிமரம் தொடங்கும் வளையத்திலிருந்து சுமார் 10 முதல் 40 வளையம்வரை கூட்டிக்கொள்ள வேண்டும். வைரம் (நடுவிலுள்ள உள்மரம்) மட்டும் இருந்தால் 'இதற்குப் பிறகு' என்பதோடு நிறுத்துங்கள். ஓக்கைப் பச்சையாகவே இழைத்துக் கட்டினார்கள் என்பதால் வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். ஆனால் மரத்தில் பயன்படாத பொருத்துத் துளை தெரிந்தால் அது வேறெங்கோ இருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. பாலம் பழுதாகி மாற்றப்படும் பொருள் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இந்தியாவில் பி.ஏ., எம்.ஏ. முடித்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நாம் பழகியது மார்ட்டிமர் வீலரின் கட்டம் போட்ட குழிகள். அவர் 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்தவர், 1945இல் அரிக்கமேட்டில் தோண்டியவர். இங்கே மேனர் அகழாய்வில் பெரும்பாலும் மொத்தப் பரப்பையும் திறந்துவிடுவார்கள். மரவீட்டின் தூண்குழிகள் கட்டத்துக்கு நடுவே விடும் மண்சுவருக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதால் அது தேவைதான். ஆய்வாளர்கள் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் வாரம் பெர்சி என்ற ஊரில் 1950களில் இந்த முறைக்கு வந்தார்கள். அது அகழி இடமல்ல, கைவிடப்பட்ட கிராமம், ஆனால் முறையியல் கேள்விக்கு அதைத் தொடாமல் முடியாது. விடையில் 'இத்தனை மீட்டர் ஆழத்தில் கிடைத்தது' என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இங்கே ஆழத்துக்கு மதிப்பில்லை, எந்த அடுக்கு எண்ணில் கிடைத்தது என்பதுதான் பேச்சு. எந்த அடுக்கு முந்தையது, எது பிந்தையது என்று எண்களைக் கட்டங்களாக இணைத்துக் காட்டும் ஹாரிஸ் வரைபடம் 1973இல் வந்தது. அதைத் தூக்கத்திலும் போட வரும் அளவுக்குப் போட்டுப் பழகுங்கள்.

மனப்பாடம் செய்தே தீரவேண்டியவை:

– தளப்படத்தில் சரிவைக் காட்டும் ஹாஷூர் கோட்டின் தடித்த முனை சரிவின் மேல் பக்கம். இதை மாற்றிப் படித்தால் அகழி மேடாகிவிடும்.
– ஸ்டோக்ஸே, 1291, வீட்டுக்குக் கோட்டைபோல் பல்வரிசை மதில் கட்ட அரச அனுமதி. உரிமையாளர் லாரன்ஸ் ஆஃப் லட்லோ, கம்பளி வியாபாரி.
– மார்க்கன்ஃபீல்ட் ஹால், 1310, அதே அனுமதி.
– போடியம், 1385, அதே அனுமதி, எட்வர்ட் டாலிங்ரிட்ஜுக்கு.
– ரிட்டில், எசெக்ஸ்: ஜான் மன்னரின் வேட்டை மாளிகை, 1211. பிலிப் ராட்ஸ் 1955–57இல் தோண்டியது. ஆவணமும் மண்ணும் சேர்ந்து பேசும் இடம், எந்தக் கேள்விக்கும் பொருந்தும்.
– கெண்டை மீன் இங்கிலாந்துக்கு 15ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. 13ஆம் நூற்றாண்டு அகழியில் கெண்டை வளர்த்ததாக எழுதாதீர்கள்.
– ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டன் அரசு நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் பெயர் கோதிக் எழுத்தில் இருந்தால் அது தொல்சின்னம்.

கட்டுரைத் தாளில் 'பாதுகாப்பா, அந்தஸ்தா?' கேள்வி ஏதாவது ஒரு வேடத்தில் வந்துவிடும். வழக்கமான விடை அந்தஸ்து. கோட்டை கட்ட வக்கில்லாதவன் கோட்டைபோல் காட்டிக்கொள்ள வெட்டியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது தப்பில்லை. ஸ்டோக்ஸேயின் பெரிய ஜன்னல்களையும் போடியத்தின் அகழியையும் (மண்கரை ஒன்றை உடைத்தால் வடிந்துவிடும்) பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதோடு நிறுத்தினால் சராசரி மதிப்பெண்தான். தொல்லியல் ஆய்வாளர் கொலின் பிளாட் 2010இல் பாதுகாப்புப் பக்கம் மறுபடி எடை வைத்தார். படை வந்து முற்றுகையிடும் பயம் வேறு, ராத்திரி திருடன் வரும் பயம் வேறு. 1315–17 பஞ்சமும் அதையொட்டிய ஒழுங்கின்மையும் இந்தக் காலத்துக்குள்தான் விழுகின்றன. இன்னொரு பக்கம், வார்விக்‌ஷயரின் ஆர்டன் காட்டுப்பகுதியில் காடு திருத்திக் குடியேறிய சுதந்திரக் குடியானவர்களும் அகழி வெட்டியிருக்கிறார்கள். பிரபு மட்டும்தான் வெட்டினான் என்ற படம் அங்கே கலைந்துவிடும். களிமண்ணில் வீட்டைச் சுற்றி நீர் வடிய ஒரு பள்ளம் தேவைதானே என்ற சாதாரணக் காரணத்தையும் ஒரு பத்தியாவது எழுதுங்கள். எனக்கு அதுதான் மிகப் பிடித்த காரணம், அதைத்தான் நீட்டி எழுதினேன்.

கள ஆய்வுக்குப் போக எங்களுக்குக் கொடுத்தது ஜனவரி. ஆளாளுக்குப் புலம்பினார்கள். புலம்பாதீர்கள், அதுதான் சரியான பருவம். புல் குட்டையாக இருக்கும், காலை வெயில் சாய்ந்து விழும்போது முழங்கால் உயர மேடுகூட நிழல் காட்டும். கோடையில் போனால் நெட்டில் செடி இடுப்பளவு நிற்கும், நம்மூர்க் காஞ்சொறி மாதிரி பட்டால் அரிக்கும். அது அடர்ந்து நிற்கும் இடத்தில் பாஸ்பரஸ் அதிகம், அதாவது மாடோ மனிதனோ பலகாலம் இருந்த இடம் என்று குறித்துக்கொள்ளலாம். நேரில் போகும் முன் அரசு இலவசமாகத் தரும் லைடார் படத்தை (விமானத்திலிருந்து லேசரால் மேடுபள்ளம் அளந்தது) பார்த்துவிடுங்கள்.

எனக்கு நீளப் படிக்க வராது, வரைந்தால்தான் மண்டையில் ஏறும். கொடுத்த வாசிப்புப் பட்டியல் பல பக்கம் நீண்டது, செய்முறைக்கு எத்தனை மதிப்பெண் என்று மட்டும் வகுப்பில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. நூலகத்தில் பழைய அகழாய்வு அறிக்கைகளை எடுத்து எழுத்தை விட்டுவிட்டு வெட்டுமுகப் படங்களை மட்டும் பிரதி எடுத்து, அடுக்கு எண்களை மறைத்து, நானே வரிசைப்படுத்திப் பார்த்தேன். படிக்கிற ரகமாக இருந்தால் உங்களுக்கு இது சலிப்பாக இருக்கலாம், ஆனாலும் சிலவற்றையாவது செய்யுங்கள்.

மரணத்துக்குப் பின் எடுக்கும் சொத்து விசாரணைப் பதிவுகள், பண்ணைக் கணக்குகள் எல்லாம் மூன்றாம் தாளுக்கு. அங்கே லத்தீன் சுருக்கெழுத்து வாட்டும், அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அந்தத் தாளில் எனக்கு வெறும் பாஸ்தான்.

4எச் பென்சிலும் அளவுகோலும் நீங்களே கொண்டுபோங்கள். வெட்டுமுகம் 1:10, தளப்படம் 1:20. தேர்வறையில் எதுவும் தரமாட்டார்கள்.