சிவன்மலைப் பெட்டியில் ஒரு படி நெல்

காங்கேயத்திலிருந்து திருப்பூர் ரோட்டில் திரும்பினால் தேங்காய்க் களங்களில் காயும் பருப்பு வாசம் காருக்குள் வந்துவிடும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அதுதான் சிவன்மலை முருகன் கோயிலின் வாசம். போன கிருத்திகைக்கு மகளோடு போனேன். அவள் கோவையில் புள்ளியியல் படிக்கிறாள். நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். ஐந்நூறுக்கு நெருக்கமான படிகளை அவள் பேச்சுக்கொடுத்துக்கொண்டே ஏறினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன்.

சன்னதிக்கு முன்னால் மண்டபத் தூணில் இருக்கிறது ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. யாரோ ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து இன்ன பொருளை வை என்பான். அவர் கோயிலில் வந்து சொன்னதும் சாமி முன்னால் வெள்ளையும் சிவப்பும் வைத்துப் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு கிடைத்த மாதிரி. அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அடுத்தவருக்குக் கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். வைத்த பொருளை ஒட்டி நாட்டில் ஏதோ நடக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நாங்கள் போன அன்று உள்ளே ஒரு படி நெல் இருந்தது.

"நெல்லு வெச்சா வெலை ஏறுமா, எறங்குமாம்மா?" என்றாள்.

"ரெண்டும் சொல்லுவாங்க கண்ணு."

"அப்ப எது நடந்தாலும் சரிதானே. எப்படியும் பொய்யாகாதுன்னா அதை எப்படிம்மா சோதிக்கிறது?"

வகுப்பில் நான் சொல்வதுதான் இது. ஒரு கூற்று எப்போது தவறாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்தவளிடமே கேட்டால் என்ன செய்வது? பக்கத்தில் நின்ற ஒருவர் விடவில்லை. "தண்ணி வெச்சாங்க, சுனாமி வந்துச்சுங்க அம்மிணி" என்றார். இந்தப் பக்கம் அந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் இல்லை. அவளும் மரியாதையாகத்தான் கேட்டாள்: "அதைப் பாத்து நாகப்பட்டினத்துல ஒருத்தராச்சும் மேட்டுக்கு ஓடிப் பொழைச்சாங்களாங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ரா பக்கத்தில் கடலடி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் வீணாய்ப் போயிற்று, சொல்ல ஆளில்லாமல். 2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்த பிறகுதான் கடலடி அதிர்வை உடனே கண்டறிந்து நமக்கு நாமே எச்சரித்துக்கொள்ள வழி பிறந்தது. அத்தனை பிள்ளைகள் செத்ததைச் சாமியின் பெருமைக்குச் சாட்சியாகச் சொல்வது எனக்கு எப்போதுமே வலிக்கும். முருகனை நம்புகிறவளாகத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு வேறொரு வரலாறும் உண்டு. என் அப்பா, மகளுக்கு அப்பிச்சி, காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போட்டவர். 2010-ல் ஈரோட்டுச் சந்தையில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியபோது தோட்டம் முழுக்க மஞ்சள் போட்டார். எல்லாரும் போட்டார்கள். மஞ்சள் ஒன்பது பத்து மாதப் பயிர்; வெட்டி, வேகவைத்து, காயவைத்துக் கொண்டுபோவதற்குள் அத்தனை பேர் மஞ்சளும் சேர்ந்து சந்தைக்கு வந்தது. 2012-ல் விலை 4,000 பக்கம் இறங்கிவிட்டது. விலை ஏறினால் நடவு கூடும், நடவு கூடினால் விலை விழும். இதற்குப் பெட்டியும் தேவையில்லை, கனவும் தேவையில்லை.

கடனோடு கடனாக அப்பா அந்த வருஷமும் தைப்பூசத்துக்கு மலையேறினார். விற்காத மூட்டையிலிருந்து ஒரு கை மஞ்சள் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம். "சாமி சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டீங்களே" என்றேன். அவர் சொன்னது: "வெலையெல்லாம் நான் சாமிகிட்டக் கேக்கவே இல்ல கண்ணு. மண்டிக்காரன்கிட்டக் கேட்டேன், அவன் தப்பாச் சொல்லிட்டான்."

அன்றிலிருந்து நான் அந்தப் பெட்டியிடம் நாளைக்கு என்ன என்று கேட்பதில்லை. பெட்டி முன்னால் நிற்காமல் வந்ததும் இல்லை. நெல், மண், மஞ்சள் என்று நாம் தினமும் மிதித்துத் தாண்டிப் போகிற பொருளைத் தீபம் காட்டுகிற இடத்தில் வைத்து ஊரே கூடிப் பார்க்கிறதே, அதற்காகத்தான் நிற்கிறேன். பூக் கேட்பதில் வெள்ளைக்குப் பாதி, சிவப்புக்குப் பாதி வாய்ப்பு என்று மகள் சொன்னாள். கணக்கு சரிதான். மறுத்துப் பேச எனக்கு எதுவும் இல்லை. ஆனால் வள்ளியோடு இருக்கிறவன் முன்னால் திரை விலகி, மணி அடித்து, கற்பூரம் எரிந்தபோது என் கண் நிறைந்ததை அவள் கணக்கில் எங்கே எழுதுவது என்றும் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாக்க நான் முயலப்போவதில்லை.

சித்தர் சிவவாக்கியர் இந்த மலையில் இருந்தார் என்று சொல்வார்கள். நட்டு வைத்த கல் பேசுமா என்று கேட்டவர். இறங்கும்போது அதைச் சொன்னேன். பாதிப் படியில் நின்றுவிட்டாள். "அவரா? இங்கயா?" என்றாள். இரண்டு முறை கேட்டாள்.

கீழே வந்து மோர் குடித்தோம். வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அடுத்த தடவை அப்பிச்சியையும் கூட்டிட்டு வரலாம்மா. முட்டி வலிக்கும், மேல வரைக்கும் கார்லயே போயிக்கலாம்" என்றாள்.